வாங்காத எட்டணா

கப்பலில் யாருக்கு எவ்வளவு இனாம் கொடுக்க வேண்டும் என்று என் அண்ணன் அருளப்பன் ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருந்தான். நான் கிறிஸ்துமஸுக்குக் கொழும்பு போவதாக இருந்தது. அவன் அங்கே கோட்டைப் பகுதியில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருஷமாகச் சர்வர். வாங்குகிற பக்கத்தில் நிற்பவன் ஆனதால் கொடுக்கிறவர்கள் செய்யும் தவறுகளெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"தனுஷ்கோடிப் போர்ட்டருக்கு நாலணா. கூடக் கேட்பான், கொடுக்காதே. பெண்கள் அறை ஆயாவுக்கு நாலணா. எலுமிச்சைச் சாறு கொண்டு வருகிறவருக்கு இரண்டணா. சாப்பாட்டு அறை சர்வர் மிக்கேல் பாம்பன்காரர், எனக்குப் பழக்கம். அவருக்கு எட்டணா. எல்லாம் கரை தெரிந்த பிறகு கொடு. முன்னாலேயே கொடுத்தால் கவனிப்பை விலை பேசுவதுபோல் இருக்கும். கையில் திணிக்காதே, தட்டின் ஓரத்தில் வை. வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காதே. எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்."

கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க முடியவில்லை. கார்த்திகை மழையில் ஒரு தந்தி வந்தது. அண்ணனுக்கு உடம்பு மிகவும் மோசம், பழைய நெஞ்சுப் படத்தோடு உடனே வரவும் என்று அவனுடைய ஹோட்டலிலிருந்து அடித்திருந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறேன். ஈஸ்டர் சமயத்தில் அண்ணன் தங்கச்சிமடத்துக்கு வந்திருந்தபோது இருமல் நிற்கவே இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரவழைத்தேன். "மூச்ச இழுத்துப் பிடிண்ணே" என்றேன். "பில்லு போடுறதுக்கு முன்னாடி நான் எப்பவும் அப்படித்தான் புள்ள நிப்பேன்" என்றான். இருட்டறையில் மருந்துத் தொட்டிக்குள் படம் மெல்ல எழும்பியபோது வலது பக்கம் மேலே ஓரணாக் காசு அளவில் ஒரு குழி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் டாக்டர். ஹோட்டலில் லீவு முடிந்துவிட்டது என்று அவன் கிளம்பிப் போய்விட்டான். இப்போது கொழும்பு டாக்டர்கள் அன்றைக்கும் இன்றைக்கும் குழி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார்கள்.

என்னோடு எடுத்துக்கொண்டவை: இரண்டு சேலை, ஒரு கம்பளி, ஜெபமாலை, அண்ணனின் பட்டியல், மடங்காமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டிய பழுப்பு உறை. அந்த உறையை மடியை விட்டு இறக்கவில்லை.

முதல் நாளே தடுக்கி விழுந்தேன். கப்பலுக்குப் போகிறவர்களைப் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கி உடம்பு பார்த்து அனுப்புவார்கள். அங்கே ஒரு தாளில் கைச்சாமான்களை எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் "துணிமணி" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அப்படி எழுத வராது. ஐந்து வரி எழுதினேன். ஐந்தாவது வரி: "க்ஷயரோகியின் நெஞ்சு எக்ஸ்ரே, ஒன்று."

பரிசோதகர் அந்த வரியில் பேனாவை வைத்தார். உறையைப் பிரித்துப் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோட நெஞ்சு?"

"எங்கண்ணன் சார்."

"உங்க வீட்டுலயா இருந்தாரு?"

"ஈஸ்டருக்குப் பத்து நாள் இருந்தாரு."

"அப்ப உங்க நெஞ்சையும் பாக்கணுமேம்மா."

அவர் மேல் குற்றமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். படம் எடுத்தார்கள். சளியை வாங்கினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அண்ணனின் ஹோட்டலுக்கு அதைத் தந்தியில் சொன்னேன். அன்றைய கப்பல் போயிற்று. மறுநாள் கப்பலும் போயிற்று. ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்றில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களோடு தங்கினேன். புழுங்கலரிசிச் சோறும் பூசணிக்காய்ச் சாம்பாரும் போட்டார்கள். பக்கத்துப் பாயில் கைக்குழந்தையோடு இருந்த பரமக்குடிப் பெண் என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, படிச்ச புள்ளங்கிற, துணின்னு எழுதிட்டுப் போகத் தெரியலையே உனக்கு" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் என் நெஞ்சு சுத்தம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

பாம்பன் பாலத்தின் மேல் ரயில் மாட்டு வண்டி வேகத்தில் போயிற்று. இரு பக்கமும் மழைத் தண்ணீர்போல் கலங்கிய கடல். பாம்பன் நிலையத்தில் அம்மா நின்றிருந்தார். நான் எந்த வண்டியில் வருகிறேன் என்று தெரியாததால் மூன்று நாளாகத் தங்கச்சிமடத்திலிருந்து வந்து வந்து நின்றிருக்கிறார். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"பனங்கற்கண்டு. வெந்நியில போட்டுக் குடு, இருமலுக்கு இதமா இருக்கும். அவன் வேணாம்பான், நீ விடாத."

"சரிம்மா."

"நீ சாப்டியா?"

பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

தனுஷ்கோடியில் மணல் காற்றில் பறந்து பல்லில் அரைபட்டது. போர்ட்டர் சங்கிலி என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கப்பல் நிற்கும் துறைப்பாலத்து முனை வரை கொண்டு வந்தார். நாலணா கொடுத்தேன். "என்ன தாயி, பொட்டிக்கு மட்டுந்தானா? தூக்குன தலைக்கு?" என்றார். அண்ணன் எழுதியபடியே நடந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பட்டியல் சரியாக இருக்கிறது. அவன் சொன்னபடி செய்துகொண்டே போனால் அவனிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பெண்கள் அறையில் கீழக்கரை அம்மாள் ஒருவர் மூன்று பேர் இடத்தை நிரப்பி உட்கார்ந்திருந்தார். கணவருக்குக் கொழும்பில் கடை. "லாத்தான்னு கூப்புடு" என்றார். அவர்கள் பக்கம் அக்காவை அப்படி அழைப்பார்கள்.

"இங்கன உக்காரும்மா, காத்து வரும். ஆனா பாத்துக்க, இந்தக் கப்பல்ல காத்துக்கும் இனாம் கேப்பாங்க."

அறை ஆயா அந்தோணியம்மாள் வாந்திக்குக் கிண்ணம் வைத்துக்கொண்டே, "ஆமா, கேக்கத்தான் செய்வோம். லாத்தா பெரிய கடைக்காரவுக, கையை மட்டும் சின்னதா நீட்டுவீக" என்றார்.

"போன தடவ வாங்குனதுக்கே நீ இன்னும் துவா செஞ்சு முடிக்கலியே, அந்தோணி."

"எட்டணாவுக்கு எவ்வளவு துவா வருமோ அவ்வளவு செஞ்சாச்சு."

கப்பல் ஆடத் தொடங்கியதும் லாத்தாவின் சிரிப்பு நின்றது. வெளுத்துப்போய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கச்சிமடத்தில் பிறந்தவளுக்கு வள்ளத்தைவிட இது ஆட்டமே இல்லை. அந்தோணியம்மாள் லாத்தாவுக்கு நெற்றி பிடித்துவிட்டார்; ஆனால் அடிக்கொரு தரம் என்னிடம் வந்து தலையணையைச் சரி செய்தார். எனக்குத் தலையணையே தேவைப்படவில்லை.

எலுமிச்சைச் சாறு கொண்டு வந்தவர் எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போட்டிருந்தார். பிறகு மிக்கேல் தானே வந்தார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு.

"அருளப்பன் தங்கச்சியா?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

அவர் என் மடியில் இருந்த உறையைப் பார்த்தார். "சாடை இருக்கு தாயி" என்றார். சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய் ரொட்டியும் முட்டைப் பொரியலும் வைத்தார். நான் கேட்கவில்லை. எனக்குப் பசிக்கவும் இல்லை.

"சாப்புடு தாயி. நாளைக்கு நேரம் இருக்காது."

கொழும்பில் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும், அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் எப்படி இருக்கிறான், ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் வேறு ஒரு மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

தலைமன்னார் கரை கோடாகத் தெரிந்தது. பட்டியலை எடுத்தேன். லாத்தாவின் காசை அந்தோணியம்மாள் வாங்கி, விரித்துப் பார்த்து, "வாந்திக்குத் தனி" என்று இன்னும் இரண்டணா கறந்துகொண்டிருந்தார். நான் நாலணாவைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காசு என் மடியிலேயே திரும்பி வந்து விழுந்தது.

"வச்சுக்க தாயி."

குறைவாகக் கொடுத்துவிட்டேன் போலும். எட்டணாவாக நீட்டினேன். அவர் என் விரல்களைத் தள்ளிவிட்டு, காலியான கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

சாறு கொடுத்தவரின் தட்டில் இரண்டணா வைத்தேன். அவர் அதை எடுத்துப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "பொறவு பாத்துக்கலாம் தாயி." இறங்கப் போகிற நேரத்தில் பிறகு எப்போது பார்ப்பது?

எனக்குக் கோபம் வந்தது. தங்கச்சிமடத்துக் காசு என்றால் இளப்பமா? தனியாக வருகிற பெண் என்று கேலி செய்கிறார்களா?

"உங்ககிட்டக் கேட்டு வாங்குறாங்க. எங்கிட்டக் குடுத்தாலும் வாங்க மாட்டேங்கிறாங்க. ஏன் லாத்தா?"

லாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உன் அழகுக்குத்தான். யாரு, ரெண்டு பேருமா வாங்கல?" சிரிப்பு அப்படியே நின்றது. "நீ யாரைப் பாக்கப் போறே?"

"எங்கண்ணனை. ஆஸ்பத்திரியில இருக்காரு."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வளையல் நிறைந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கப்பல் துறைப்பாலத்தைத் தொடும் வரை விடவில்லை. சற்று முன்வரை ஓயாமல் பேசியவர் ஏன் திடீரென்று உதடு அசைத்து ஓதுகிறார் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. அலை பலமாக இருக்கிறது, பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் பெட்டியை மிக்கேல் தானே தூக்கிக்கொண்டார். சாப்பாட்டு அறை சர்வர் பெட்டி தூக்குவது வழக்கமில்லை என்று எனக்குக்கூடத் தெரியும். இறங்கும் படிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி எட்டணாவை நீட்டினேன். தட்டு இல்லை, கையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

"வேணாம் தாயி."

"நீங்களுமா? வாங்கித்தான் ஆகணும்ணே. எங்கண்ணனும் சர்வர்தான். மிக்கேலண்ணனுக்கு எட்டணான்னு அவரு எழுதியே குடுத்திருக்காரு. குடுக்காம எறங்குனேன்னா என்னையத் திட்டும்."

மிக்கேல் கடலைப் பார்த்தார். அவர் வாய் கோணிற்று.

"இனிமே திட்டாது தாயி."

பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். லாத்தாதான் என் காதருகே சொன்னார். மவுத்து வீட்டுக்கு, சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் இந்தக் கப்பல்காரர்கள் யாரும் காசு வாங்க மாட்டார்களாம். எத்தனையோ வருஷ வழக்கமாம். மீதியை மிக்கேல் சொன்னார். காலையில் கப்பல் தலைமன்னாரிலிருந்து கிளம்புமுன் அண்ணனின் ஹோட்டலிலிருந்து ஓர் ஆள் ரயிலில் வந்து சொல்லியிருக்கிறார்: பழுப்பு உறையோடு ஒரு பெண் வருவாள், கரை சேரும் வரை அவளுக்குச் சொல்ல வேண்டாம், நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று. கப்பல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனின் பட்டியலில் இது ஒன்று மட்டும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறவளுக்கு எழுதிய பட்டியல் அது.

அந்த ஆள் கீழே நின்றிருந்தார். பியதாச என்று பெயர். அண்ணனோடு வேலை செய்கிறவர். சிங்களத்தில் பேசினார், மிக்கேல் தமிழில் சொன்னார்: "நேற்று மாலை நாலு மணிக்கு. வலி இல்லை. தங்கச்சி படம் கொண்டுவருகிறாள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான்."

நான் கணக்குப் பார்க்காமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. முதல் நாள் கப்பலில் ஏறியிருந்தால் நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கொழும்பில் இறங்கியிருப்பேன். ஏழிலிருந்து நாலு வரை ஒன்பது மணி நேரம். ஐந்தாவது வரியை எழுதாமல் விட்டிருந்தால் போதும்.

கொழும்பைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. அடக்கத்தை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்; அம்மாவுக்குத் தந்தி போயிருந்தது. டிராம் மணி, மழை, குடைகள். சர்வர்கள் பதினொரு பேர் வேலைக் கோட்டோடு நேராகக் கல்லறைக்கு வந்து, முடிந்ததும் ஓட்டமாகத் திரும்பினார்கள். மாலைக் கூட்டத்துக்கு மேஜை போட வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் என் உறையைப் பார்த்து, "இது இப்போது வேண்டாம்" என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்.

பங்குக் கோயிலில் எட்டாம் நாள் பூசை முடியும் வரை கொழும்பில் இருந்தேன். ஒரு மத்தியானம் அண்ணனின் ஹோட்டலில், அவன் பரிமாறுகிற வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி, பருப்பு, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊர் மீன் குழம்பைவிட உறைப்பு. கூட்டம் குறைந்த பிறகு பால் இல்லாத தேநீரோடு பியதாச எதிரே வந்து உட்கார்ந்தார். அங்கே தேநீரில் சர்க்கரை போடாமல் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அதைப் பாம்பனுக்குத் திருப்பிக் கொண்டுபோக என்னால் முடியாது. சர்வர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கல் எடுத்துக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். பியதாச சொன்னதைக் கல்லாவில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "புதிதாகச் சேருகிற சர்வருக்கு உன் அண்ணன் முதலில் சொல்வது ஒன்றுதான். இனாமை எடுக்கும்போது வாடிக்கைக்காரரின் முதுகைப் பார், முகத்தைப் பார்க்காதே. அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்."

இரண்டு பக்கத்துக் கூச்சத்தையும் அவன் யோசித்து வைத்திருந்திருக்கிறான்.

திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தது. டிரங்குப் பெட்டியில் அண்ணனின் இரண்டு வெள்ளைக் கோட்டுகளும் இருந்தன. மடியில் அதே உறை. அந்தோணியம்மாள் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மிக்கேல் ரொட்டி கொண்டு வந்தார். சாப்பிட்டேன். என்னிடம் யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்ததால் பணப்பையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் வாங்காத வரையில் நான் அண்ணனைப் பார்க்கப் போய்க்கொண்டிருப்பவள்தான்.

தனுஷ்கோடி மணல்மேடு வெள்ளையாகத் தெரிந்தது. மிக்கேல் வந்து தட்டை எடுத்தார், எடுத்துக்கொண்டு போகவில்லை. காலித் தட்டை என் முன்னால் பிடித்தபடி நின்றார்.

"தாயி, எனக்குக் குடுக்கணும்ல."

எனக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"போறப்ப வாங்க மாட்டோம். வாரப்ப வாங்கணும். வாங்கலேன்னா பயணம் முடிஞ்சதா ஆகாது."

"இன்னொரு தடவ வரும்போது குடுக்கேன்."

"இப்பக் குடு தாயி."

"எனக்குக் குடுக்க மனசில்லண்ணே."

"தெரியும்" என்றார். "யாருக்குத்தான் மனசு வரும்? அருளப்பன் என்ன எழுதிச்சு எனக்கு?"

"எட்டணா."

"அதைக் குடு."

தட்டு ஆடாமல் நின்றது. நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். கோட்டுகளை நகர்த்திப் பணப்பையை எடுத்தேன். அன்றைக்கு அவர் வாங்காத அதே எட்டணாவைத் தனியாக ஒரு தாளில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சின்னச் சத்தம் ஒன்று கேட்டது.

முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அவர் திரும்பி நடந்த பிறகு அந்தக் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டின் முதுகை மட்டும், கதவு மூடும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைப்பாலத்தில் சங்கிலி பெட்டியைத் தலைக்கு ஏற்றினார். ரயிலடியில் நாலணா கொடுத்தேன். "என்ன தாயி, போறப்பக் குடுத்த அதே நாலணாவா? பொட்டி கனத்திருக்குல்ல?" என்றார்.

கனத்துத்தான் இருந்தது. கூட இரண்டணா கொடுத்தேன். அண்ணன் கொடுக்காதே என்றுதான் எழுதியிருந்தான்.

அடுத்து பாம்பன். அம்மா நிலையத்தில் நிற்பார்.